மருந்து கொடுத்தும் மறுபடி பூச்சி: நாய்க்குட்டியும் நம் வீட்டு மணலும்

நேயர்களுக்கு வணக்கம். குட்டிக்குப் பூச்சி மருந்து கொடுத்தாயிற்று. மறுநாள் சேமியா மாதிரி சுருண்டு புழுவும் விழுந்தது. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் வயிறு மறுபடி பானை போல உப்பி நிற்கிறது. ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம், கீழக்கரை பக்கம் நாய் வளர்ப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது. மருந்து போலி என்பார்கள், கருப்பட்டி கொடுத்த வினை என்பார்கள். கருப்பட்டியில் புழு முட்டை கிடையாது. மருந்தும் பெரும்பாலும் சரியான மருந்துதான்.

சேமியா மாதிரி விழுவது உருண்டைப்புழு. அது குட்டி பிறப்பதற்கு முன்பே உள்ளே வந்துவிடுகிறது. தாய்நாயின் தசையில் உறங்கிக் கிடக்கும் இளம்புழுக்கள் சினையின் கடைசி மூன்று வாரத்தில் விழித்துக்கொண்டு கருவுக்குள் போகின்றன. பிறந்த குட்டியின் ஈரல், நுரையீரல் வழியாகச் சுற்றி, இருமலோடு தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்கு வந்து சேர்கின்றன. நாம் வழக்கமாகக் கொடுக்கும் பைரன்டெல் என்ற மருந்து குடலில் இருப்பதை மட்டும்தான் பிடிக்கும். வழியில் இருப்பதைத் தொடாது. முதல் வேளையில் விழுந்தது முதல் படகு. அடுத்த படகு இன்னும் கரைக்கே வரவில்லை.

அதனால்தான் கணக்கு இப்படி: பிறந்த 2, 4, 6, 8 ஆவது வாரங்களில் ஒவ்வொரு வேளை. பிறகு ஆறு மாதம் ஆகும்வரை மாதம் ஒரு முறை. அதற்குமேல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. பால் கொடுக்கும் தாய்க்கும் அதே நாட்களில் கொடுக்க வேண்டும். ரத்தம் குடிக்கும் இன்னொரு வகையான கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்குப் போகும் என்பதால் தாயை விட்டுவிட்டுக் குட்டிக்கு மட்டும் கொடுப்பது ஓட்டைப் படகில் தண்ணீர் இறைக்கிற வேலை. இரண்டு மாதக் குட்டியை வாங்கி வந்து, முன்பு என்ன கொடுத்தார்கள் என்று தெரியவில்லையா? வந்த வாரமே ஒரு வேளை, இரண்டு வாரம் கழித்து இன்னொரு வேளை, பிறகு மாதக் கணக்கு.

அடுத்த தவறு எடை. குட்டியைக் கண்ணால் பார்த்து "ரெண்டு கிலோ இருக்கும்" என்று மருந்து ஊற்றுகிறோம். குட்டியைத் தூக்கிக்கொண்டு ஆள் ஏறி நின்று, ஆளின் எடையைக் கழிக்கும் முறையிலும் இரண்டு கிலோக் குட்டிக்கு அரைக் கிலோ பிசகுவது சாதாரணம். நம் பக்கம் மீன் நிறுக்கும் தராசு இல்லாத தெரு இல்லையே. ஓலைப்பெட்டியை வெறுமையாக நிறுத்து, குட்டியை உட்கார வைத்து மறுபடி நிறுத்துப் பாருங்கள். குட்டி வாராவாரம் வளர்கிறது, ஆகவே ஒவ்வொரு வேளைக்கும் புதிதாக நிறுக்க வேண்டும். பைரன்டெலும் ஃபெபன்டெலும் சேர்ந்த குட்டி மருந்துகள் பெரும்பாலும் கிலோவுக்கு 1 மில்லி என்று வருகின்றன. பெரிய நாய்க்கான மாத்திரை பெரும்பாலும் பத்து கிலோவுக்கு ஒன்று. இரண்டரைக் கிலோக் குட்டிக்குக் கால் பங்கு. எதுவானாலும் லேபிளையும் மருத்துவர் சொன்னதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மருந்து புட்டியின் அடியில் படிந்திருக்கும், நன்றாகக் குலுக்க வேண்டும். ஊசி கழற்றிய சிரிஞ்சைக் கடைவாயில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினால் புரையேறும்.

ஆட்டுக்கு வாங்கி வைத்த மருந்தில் கொஞ்சம் ஊற்றுவது வேண்டவே வேண்டாம். மாட்டுக்குப் போடும் ஒரு சதவீத ஐவர்மெக்டின் ஊசி மருந்து ஐம்பது கிலோவுக்கு 1 மில்லி. அந்த அடர்த்தியில் இரண்டு கிலோக் குட்டிக்கு எந்த அளவையும் நம் கை பிசகாமல் எடுக்காது. இன்னொன்று, கடையில் வெறுமனே "பூச்சி மருந்து" என்று கேட்காதீர்கள். உரக்கடைக்காரர் பயிருக்கு அடிப்பதை எடுத்து நீட்டுவார். நாய்க்கான குடற்புழு நீக்க மருந்து என்று முழுதாகக் கேளுங்கள்.

இனி மணல். கொக்கிப்புழுவுக்கு நம் கடற்கரையைப் போல வசதியான இடம் கிடைப்பது அரிது: இளகிய மணல், வெதுவெதுப்பு, நிழலில் ஈரம். மலத்தோடு விழுந்த முட்டை பொரிந்து, இந்தச் சூட்டில் ஒரு வாரத்துக்குள் தொற்றும் இளம்புழுவாகிவிடும். குட்டி அதை நக்க வேண்டும் என்றுகூட இல்லை. பாதத்தின் தோல் வழியாகவே உள்ளே ஏறும். வெயில் காயும் வெட்டவெளி மணலில் அது வாழாது. தண்ணீர்த் தொட்டியடி, தென்னம்பாத்தி, கரையில் ஏற்றிய வள்ளத்தின் நிழல், பனையோலை வேலியின் ஓரம், இவைதான் அதன் வீடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த இடங்கள் இன்னும் பெருகும்.

மலத்தை அன்றன்றே, சுற்றிலும் ஒட்டிய மணலோடு சேர்த்து அள்ளிப் பையில் கட்டி அகற்ற வேண்டும். மேலே மணலைத் தள்ளி மூடுவது புழுவுக்கு நிழல் கட்டிக் கொடுப்பது. குட்டி படுக்கும் இடத்தில் நான்கு விரல் ஆழத்துக்கு மணலை எடுத்துவிட்டுக் கடப்பைக் கல்லோ சிமெண்டுத் தளமோ போடுங்கள். அதுவும் முடியாதென்றால், பழைய மீன் பெட்டியைக் கழுவிக் காயவைத்து, சாக்கு விரித்துப் படுக்க வையுங்கள். வாரம் ஒருமுறை சாக்கைக் கொதிநீரில் அலசுங்கள். பிளீச்சிங் பவுடரைத் தூவி நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. உருண்டைப்புழு முட்டையைக் கனத்த மேலோடு காப்பதால் அந்தப் பவுடர் ஒன்றும் செய்யாது. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினால்தான் சாகும். இல்லாவிட்டால் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

மலத்திலோ வாலடியிலோ அரிசி மாதிரி துண்டுகள் நெளிந்தால் அது நாடாப்புழு. பைரன்டெல் அதை அசைக்காது, பிராசிகுவான்டெல் என்ற மருந்து வேண்டும். குட்டிகளுக்கான திரவ மருந்து சிலவற்றில் அது இருப்பதில்லை. கொடுத்தாலும் தெள்ளுப்பூச்சியை ஒழிக்காவிட்டால் மூன்று வாரத்தில் மறுபடி வரும். குட்டி உடம்பைக் கடிக்கும்போது விழுங்கும் தெள்ளுப்பூச்சிக்குள்தான் அந்தப் புழுவின் குஞ்சு இருக்கிறது.

இத்தனையும் சரியாகச் செய்தும் நிற்கவில்லை என்றால் மலப் பரிசோதனை செய்யுங்கள். வாலிநோக்கம் உப்பளத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: உப்பு முற்றிய கரைசலில் புழு முட்டை மேலே மிதக்கும், அதை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். காலையில் விழுந்ததைக் கட்டைவிரல் நுனி அளவு, மணல் படாமல், மூடியுள்ள டப்பாவில் எடுத்துச் சில மணி நேரத்துக்குள் கொடுங்கள். மணலோடு அள்ளினால் மண்ணில் வாழும் சாதாரண புழுக்களும் சேர்ந்து வந்து குழப்பும். வெயிலில் வைத்தால் கொக்கிப்புழு முட்டை பொரித்துவிடும். நாடாப்புழு முட்டை இதில் பெரும்பாலும் தப்பிவிடும் என்பதால், துண்டுகளைப் பார்த்திருந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். காக்சிடியா, ஜியார்டியா என்ற ஓரணு உயிரிகளும் மலப் பரிசோதனையில் வெளிப்படலாம். பைரன்டெலுக்கு இரண்டும் மசியாது, மருந்து வேறு.

காத்திருக்கக் கூடாத நேரம் உண்டு. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது நுங்கு நிறத்துக்கு வெளுத்திருந்தால், மலம் தார் போலக் கறுத்திருந்தால், கொக்கிப்புழு ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கலாம். மூன்று வாரக் குட்டி, மலத்தில் முட்டை தெரிவதற்கு முன்பே இதில் செத்துப்போகலாம். வாந்தியும் ரத்தக் கழிச்சலும் சேர்ந்து வந்தால் குட்டிகளைத் தாக்கும் பார்வோ வைரஸ் நோயாக இருக்கலாம். இரண்டிலும் வீட்டு மருந்து வேண்டாம், அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

வீடு கட்டக் கொட்டிய மணல் குவியலை இரவில் தார்ப்பாயால் மூடிவையுங்கள். நாய் கழிக்கும் இடமும் பிள்ளைகள் விளையாடும் இடமும் அதுவே. பிள்ளையின் பாதத்தில் அரிப்போடு சிவந்த கோடு ஒன்று நாளுக்கு நாள் நெளிந்து நீண்டால், அது நாய், பூனைகளின் கொக்கிப்புழுக் குஞ்சு. படர்தாமரைக் களிம்பு தடவிக்கொண்டிராமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வணக்கம்.