குதிரைக்கு முடி திருத்துவது

நேயர்களுக்கு வணக்கம். என் அப்பா பினாங்கு பத்து கந்தோங் பந்தயத் திடல் லாயங்களில் குதிரை பார்த்தவர். 1864-இல் தொடங்கிய டர்ஃப் கிளப்பின் திடல் அது. வாளியும் சீப்பும் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே திரிந்துதான் நானும் தொழில் கற்றேன்.

குதிரைக்கு முடி திருத்துவது அழகுக்காக என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அழகு அப்புறம்தான். அது என்ன இனம், என்ன வேலை செய்கிறது என்றுதான் முதலில் பார்ப்போம்.

நம் பக்கம் அதிகம் இருப்பது தரோபிரெட், அதாவது பந்தயக் குதிரை. அதன் பிடரி மயிர் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் இருந்தால் போதும். கத்தரிக்கோலால் வெட்டினால் சட்டியைக் கவிழ்த்து வெட்டிய தலை மாதிரி ஆகிவிடும். அதனால் பிடுங்குவோம். அடியில் நீண்டு தொங்கும் முடியில் ஐந்தாறு இழையைப் பிடித்துக்கொண்டு, மற்றதைச் சீப்பால் மேலே தள்ளிவிட வேண்டும். பிடித்த இழையைச் சீப்பில் ஒரு சுற்றுச் சுற்றி, வெடுக்கென்று இழுக்க வேண்டும். ஓடி வந்த உடம்புச் சூட்டில் சுலபமாக வரும். காதுப் பக்கம் போகும்போது சில குதிரைகள் தலையைத் தூக்கும். வலிக்கிறது என்று சொல்கிறது. அன்றைக்கு அத்தோடு விட்டுவிட்டு மறுநாள் தொடரலாம். ஒரே நாளில் முடித்தாக வேண்டும் என்று என்ன கட்டாயம்?

அரபுக் குதிரைக்கு இதைச் செய்யக் கூடாது. அதன் பிடரியும் வாலும் வளர்ந்தபடியே இருக்க வேண்டும். காதுக்குப் பின்னால் கடிவாள வார் உட்காரும் இடத்தை மட்டும் மழிப்பார்கள். குதிரை மேலிருந்து மட்டையால் பந்தடிக்கும் போலோ ஆட்டத்துக் குதிரைக்கு நேர்மாறு. கோலாலம்பூரில் அம்பாங் பக்கம் போனால் பார்க்கலாம்: பிடரி ஒட்ட மழித்து, வால் மடித்துக் கட்டியிருக்கும். மட்டை சிக்கினால் ஆபத்து. நார்வேயின் ஃபியார்ட் குதிரைக்குப் பிடரியின் நடுவே கறுப்பு, இரு பக்கமும் வெள்ளை. வெள்ளையைச் சற்றுக் குட்டையாக வெட்டி, கறுப்புக் கோடு தெரிய வில் போல நிறுத்துவார்கள். படத்தில் பார்த்தபோது ஐயனார் கோயில் மண்குதிரைதான் ஞாபகம் வந்தது.

நம் வெயிலுக்கு ஒரு விஷயம் முக்கியம். குதிரையின் ரோமம் வளர்வதும் உதிர்வதும் பகலின் நீளத்தைப் பொறுத்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து ஜூன், ஜூலையில் வருகிற குதிரை அங்கத்திய குளிர்கால ரோமத்தோடு வந்து இறங்கும். நம் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வேர்ப்பதே நின்றுபோகும். அது பெரிய ஆபத்து. அப்படிப்பட்ட குதிரையின் ரோமத்தை மெஷின் வைத்து எடுத்துவிடுவதுதான் நல்லது. வாலில் மட்டும் சிக்கனம் வேண்டும். ஈயும் கொசுவும் உள்ள ஊரில் வாலைக் குட்டையாக்குவது அதன் கையைக் கட்டிப்போடுவது மாதிரி.

இனி, நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். இளவயதில் ஒரு போட்டிக்காக, முகம் பளிச்சென்று இருக்கட்டும் என்று ஒரு பெண் குதிரையின் மீசை முடியை எல்லாம் மழித்துவிட்டேன். அன்று மாலை அது தண்ணீர் வாளியின் விளிம்பில் மூக்கை இடித்துக்கொண்டது. மறுநாள் காலையிலும் அப்படியே. குதிரைக்குத் தன் மூக்குக்கு நேர் கீழே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. அந்த இடத்தை அது மீசையால்தான் தடவிப் பார்க்கிறது. அதன் பார்வையை நானே பறித்துவிட்டேன் என்று நொந்துபோனேன். 2021 ஜூலை 1 முதல், மீசை மழித்த குதிரை அனைத்துலகக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் போட்டிகளில் கலந்துகொள்ள முடியாது. அந்த விதி வந்த நாளில் எனக்கு அவ்வளவு நிம்மதி.

இப்போது லாயத்துக்குக் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளிடம் நான் உடனே மெஷினைக் கொடுப்பதில்லை. உள்ளங்கையில் ஒரு கேரட் துண்டை வைத்து நீட்டச் சொல்வேன். உதடு வருவதற்கு முன்னால் அந்த மீசை வந்து கையைத் தொடும்.

நன்றி, வணக்கம்.