முப்பத்தொரு கட்டங்களின் கூட்டுத்தொகை

நேயர்களுக்கு வணக்கம். பல ஆண்டுகளாக என்னை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும் ஓர் எண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. எழுதிக்கொள்ள விரும்புவோருக்காக மெதுவாகச் சொல்கிறேன்: 2, 1, 4, 7, 4, 8, 3, 6, 4, 7.

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு தானிய மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகும் கதையைக் கேட்டிருப்பீர்கள். கதையின் அரசர் 64 கட்டங்களையும் நிரப்ப முடியாமல் திகைப்பார். நாம் 31ஆவது கட்டத்தோடு நின்றுவிட்டு, அதுவரை வைத்த மணிகளையெல்லாம் கூட்டினால் இந்த எண் கிடைக்கும்.

இது ஒரு பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் மீதியின்றி வகுபடாது. 3ஆல் வகுபடாது என்பதை இலக்கங்களைக் கூட்டி நீங்களே காணலாம், 46 வரும். ஆனால் 3ஐ விலக்கினால் போதுமா? இதன் வர்க்கமூலம் 46,341ஐ ஒட்டியது. அதுவரையுள்ள 4,792 பகா எண்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்தாக வேண்டும்.

அந்தப் பாட்டைக் கணிதமேதை ஆய்லர் படவில்லை. கண்பார்வையை ஏறக்குறைய முழுவதும் இழந்திருந்த அவர், 1772இல் இதைப் பகா எண் என்று நிறுவினார். இந்த எண்ணுக்கு ஒரு பகா வகுத்தி இருக்குமானால், அதை 248ஆல் வகுக்கும்போது மீதி 1 ஆகவோ 63 ஆகவோதான் இருக்க முடியும். மறுபடியும் சொல்கிறேன், ஏனெனில் எல்லாமே இதில்தான் அடங்கியிருக்கிறது: மீதி 1, அல்லது 63. இந்தச் சல்லடையில் சலித்துப் பாருங்கள். முதலில் தேறுவது 311. அதற்கு முன்னுள்ள 2, 3, 5, 7 எதையும் தொட வேண்டியதில்லை (இலக்கங்களைக் கூட்டியதுகூட வீண்வேலைதான்!). 311க்குப் பின் தேறுவது 1,303; இடையில் ஒன்றுமில்லை. இப்படி நானூற்றுக்கும் குறைவான எண்களே எஞ்சுகின்றன, அவற்றிலும் பெரும்பாலானவை பகு எண்கள். எண் பெரிது என்பதற்காக உழைப்பும் பெரிதாக வேண்டியதில்லை என்பதை எனக்குக் கற்றுத்தந்தது இந்த இடம்தான்.

நேரம் குறைகிறது. தன்னைத் தவிர்த்த தன் வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குத் தானே சமமாகும் 6, 28 போன்ற நிறைவெண்களை நீங்கள் அறிவீர்கள். நம் எண்ணை 31ஆவது கட்டத்து மணிகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் 19 இலக்க நிறைவெண் ஒன்று வரும். இதைவிடப் பெரிய நிறைவெண்ணை எவரும் தேட முனையமாட்டார்கள், அவற்றால் பயனில்லை என்று ஆங்கிலேயக் கணிதவியலாளர் பீட்டர் பார்லோ 1811இல் எழுதினார். இன்று பல கணினிகள் 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை எண்ணி நேரம் காட்டுகின்றன. அவற்றில் 32 பிட் அளவுள்ளவை, அதாவது குறிக்கு ஒன்று போக 31 இரும இலக்கங்களில் எண்ணுபவை, எண்ணக்கூடிய கடைசி நொடி இதே எண்தான். அது 2038 ஜனவரி 19இல் வரும். அதைப் பற்றி விரிவாகப் பேச வைத்திருந்த தாள்கள் கையிலேயே இருக்கின்றன. வணக்கம்.