ஒன்றரை மணி நேரத்தில் வள்ளி திருமணம்

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு நாடகம் பார்க்கப் போனேன். வள்ளி திருமணம், சங்கரதாஸ் சுவாமிகளின் இசை நாடகம். ஊர்த் திருவிழாவில் ராத்திரி 10 மணிக்கு ஆரம்பித்தால் விடியும்போது மங்களம் பாடுவார்களே, அதே நாடகம்தான். அதை ஒன்றரை மணி நேரமாகச் சுருக்கி, நூற்றுச் சொச்சம் நாற்காலி போட்ட ஒரு சின்ன அரங்கத்தில், குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும்படி போட்டிருந்தார்கள்.

சுருக்கியது தப்பு என்று சொல்ல நான் வரவில்லை. 7 வயதுக் குழந்தையை விடிய விடிய உட்கார வைக்க முடியாது. பெரியவர்களுக்கும் மறுநாள் வேலை இருக்கிறது. சுருக்கட்டும். ஆனால் எதைச் சுருக்குவது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கதையைக் குறையுங்கள், பாட்டைக் குறைக்காதீர்கள். இன்றைக்கு இதைத்தான் சுற்றிச் சுற்றிச் சொல்லப்போகிறேன்.

சின்ன வயதில் என்னை நாடகத்துக்குக் கூட்டிப்போனது என் அத்தை. பாய், போர்வை, ஒரு செம்பில் தண்ணீர். கோயில் திடலில் மேடைக்கு முன்னால் இடம் பிடித்துப் பாயை விரித்துவிட்டு, 'நீ தூங்கு, நாரதர் வந்ததும் எழுப்புறேன்' என்பார். பபூன் வந்து சிரிக்கவைக்கும்போதே எனக்குக் கண் சொக்கிவிடும். நடுச்சாமத்தில் அத்தை தோளைத் தட்டுவார். எழுந்து பார்த்தால் நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் நடந்துகொண்டிருக்கும். முருகனைக் கட்டிக்கொள் என்று அவர் ஒரு பாட்டுப் பாடுவார். ஏன் கட்டிக்கொள்ள வேண்டும் என்று இவள் ஒரு பாட்டில் மடக்குவாள். திடல் முழுக்க விழித்துக்கொள்ளும். டீக்கடையில் நின்றவர்கள்கூட கிளாஸோடு வந்து நிற்பார்கள். இதற்காகத்தான் எழுப்பினேன் என்பதுபோல அத்தை என்னைப் பார்ப்பார்.

ஸ்பெஷல் நாடகம் கேட்டவர்களுக்குத் தெரியும். கதாநாயகனாக நடிக்கிற ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், நாயகியாக நடிக்கிற ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்து வருவார். ஒத்திகை கிடையாது. மேடையில்தான் சந்திப்பு. ஆகவே தர்க்கத்தில் யார் என்ன கேட்பார், மற்றவர் எப்படித் திருப்புவார் என்பது அன்றைக்கு அந்த மேடையில்தான் தெரியும். கதை எல்லோருக்கும் தெரிந்த கதை. வள்ளிக்கும் முருகனுக்கும் கல்யாணம் ஆகுமா என்று யாரும் நகம் கடிப்பதில்லை. இன்றைக்கு இந்த நாரதர் எப்படிப் பாடுகிறார், இந்த வள்ளி எப்படி மடக்குகிறாள் என்று பார்க்கத்தான் கூட்டம்.

அப்புறம், நாடகம் ஏன் அவ்வளவு நீளம் என்று பலரும் கேட்பார்கள். ஒரு காரணம் சொல்கிறேன். முதலில் தாளமில்லாமல் ராகமாக இழுத்துப் பாடுகிற விருத்தம் வரும், பிறகு பாட்டு. பாட்டு முடிந்ததும் அதே சங்கதியை வசனத்தில் இன்னொரு தரம் சொல்வார்கள். எதிரில் நிற்பவர் 'அப்படியா, நீ சொல்வது இன்னதா?' என்று மூன்றாம் தரமும் கேட்பார். திடலில் அது தேவை. ஒரு பக்கம் பிள்ளை அழும், ஒரு பக்கம் ஆட்கள் வந்து போவார்கள், பாதிப்பேர் தூங்கி எழுந்திருப்பார்கள். விட்டதைப் பிடித்துக்கொள்ள அந்த வசனம் கை கொடுக்கும். சின்ன அரங்கத்தில் எல்லோரும் விழித்திருக்கிறோம், எல்லோருக்கும் கேட்கிறது. அங்கே அந்த வசனத்தை எடுத்துவிடலாம். அதிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சமாகும். பாட்டில் ஒரு வரியைக்கூடத் தொட வேண்டியதில்லை.

சுவாமிகளே ஆளுக்கும் இடத்துக்கும் தக்கபடி எழுதினவர்தான். 1867இல் பிறந்தவர், 1922இல் மறைந்தார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்று சிறுவர்களை வைத்து ஒரு கம்பெனி தொடங்கினார். பின்னால் நாடகத்தில் பேர் வாங்கிய டி.கே.எஸ். சகோதரர்கள் சின்னப் பிள்ளைகளாகச் சேர்ந்தது அங்கேதான். அவர்களில் ஒருவரான டி.கே. சண்முகம் அபிமன்யுவாக நடிப்பதற்காக, 4 மணி நேரம் நடக்கிற அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே ராத்திரியில், பாட்டும் வசனமுமாக எழுதி முடித்தார் சுவாமிகள். சண்முகமே தம் நினைவுகளில் இதை எழுதியிருக்கிறார். எதிரில் நிற்கும் பையனின் குரல் எவ்வளவு தாங்கும் என்று தெரிந்து எழுதிய கை அது. ஆகவே, சுருக்கினால் சுவாமிகளுக்கு அவமரியாதை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சரி, அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

முதலில் எனக்குப் பிடித்தது, மைக் இல்லை. திடலில் மேடை நடுவில் ஸ்டாண்ட் மைக் நிற்கும். பாட வேண்டுமானால் நடிகர் அதற்கு நேரே வந்துதான் நிற்க வேண்டும். முருகனானாலும் வள்ளியானாலும் மைக்கைப் பார்த்துத்தான் காதலைச் சொல்ல வேண்டும். இங்கே அந்தக் கட்டு இல்லை. வள்ளியாக நடித்த பெண் பரண் மேல் நின்று, கவணைச் சுழற்றிக்கொண்டே, தினைப்புனத்தில் பறவை விரட்டுகிற ஆலோலப் பாட்டைப் பாடினார். மைக் இல்லாமல் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கேட்கும்படி அந்தக்கால நாடக நடிகர் கிட்டப்பா பாடினார் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவரும் கே.பி. சுந்தராம்பாளும் சேர்ந்து நின்ற நாடகமல்லவா இது! 1933இல், 27 வயதில் போய்விட்டார் கிட்டப்பா. மைக் இல்லாத குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

ஆலோலத்துக்கு முன்னால் ஒரு விருத்தம். நாங்கள் இரண்டாவது வரிசையில், ஆர்மோனியம் இருக்கும் பக்கமாக உட்கார்ந்திருந்தோம். கால் பெட்டி. மிதித்தால்தான் காற்று. கடைசி அடியை அந்தப் பெண் மேலே ஏற்றிக்கொண்டு போனார். பெட்டிக்காரர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உச்சியில் அவர் நின்றபோது இவர் மிதிப்பதை நிறுத்திவிட்டார். பெட்டிக்குள் மிச்சமிருந்த காற்றில் சுருதி மெல்ல மெல்லத் தேய்ந்து அடங்கியது, குரல் மட்டும் தனியாக நின்றது. அப்புறம் ஒரு மிதி, சுருதி திரும்பி வந்தது, மிருதங்கம் எடுத்துக்கொண்டது. பேத்தி என் கையைப் பிடித்திருந்தாள். பிடி இறுகியது எனக்குத் தெரிந்தது.

இன்னொன்று. கிழவர் வேடத்தில் முருகன் வந்து தாகம், பசி என்கிறார். பேத்திக்குப் பொறுக்கவில்லை. 'அக்கா, அது தாத்தா இல்ல, முருகன்!' என்று கத்திவிட்டாள். வள்ளி நின்றார். நேராக இவளைப் பார்த்தார். திரும்பிக் கிழவரிடம், 'அந்தப் பிள்ளை என்னமோ சொல்லுதே, நிசமா தாத்தா?' என்று கேட்டார். கிழவர் தடியை ஊன்றிக்கொண்டு, 'அதுக்கு என்னை விடக் கண்ணு மங்கல் அம்மா' என்றார். அரங்கமே கை தட்டியது. மேடையிலேயே பிறக்கிற இந்தப் பேச்சு ஸ்பெஷல் நாடகத்தின் ரத்தத்தில் இருப்பது. சின்ன அரங்கம் அதை 7 வயதுக் குழந்தைக்கும் திறந்துவிட்டது.

இவ்வளவு நன்றாகச் செய்தவர்கள் தர்க்கத்தை என்ன செய்தார்கள் தெரியுமா? மூன்று கேள்வி, மூன்று பதில், முடிந்தது. ஒரு பாட்டுக்கூட முழுசாக இல்லை. ஆனால் வேடனாக வந்த முருகன் வேங்கை மரமாக மாறுவதற்கு விளக்கை மாற்றி மாற்றிப் போட்டார்கள், யானை வந்து போக அத்தனை நேரம் எடுத்துக்கொண்டார்கள். கதை விட்டுப்போய்விடுமோ என்று பயந்திருக்கிறார்கள். யானை வந்தது என்று பபூன் ஒரு வரியில் சொன்னால் போதும், நாங்கள் நம்புவோம். ஆனால் ஒரு பெண் நாரதரையே எதிர்த்துக் கேள்வி கேட்கிற இடத்தை யாரும் ஒரு வரியில் சொல்லிவிட முடியாது. அதைப் பாடித்தான் ஆக வேண்டும். நாடகம் முடிந்ததும் அந்தக் குழுவினரிடம் போய் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். தர்க்கத்துக்கு 15 நிமிடமாவது கொடுங்கள் என்று கேட்டேன். இப்போதும் கேட்கிறேன்.

ஒலிபரப்பு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், 2 நிமிடம்தான் இருக்கிறதாம். பக்கவாத்தியங்களைப் பற்றி, முக்கியமாக ஆல்ரவுண்ட் வாசிப்பவரைப் பற்றிச் சொல்ல நினைத்திருந்தேன். நடிகர் கண்ணை உருட்டினால் அதற்கொரு சத்தம், காலை வைத்தால் அதற்கொரு சத்தம் என்று நாடகம் முழுக்க உயிர் கொடுப்பவர். அன்றைக்கு அவருக்குப் பதிலாகப் பதிவு செய்த சத்தத்தைப் போட்டார்கள். சத்தம் ஒரு நொடி முந்திவிட்டது, நடிகர் அதைத் துரத்த வேண்டியதாயிற்று. செலவைக் குறைக்க அவரை விட்டுவிடாதீர்கள்.

பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயம். கதையை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள், மரம், யானை எல்லாம் சேர்த்து. கொஞ்சம் முன்னதாகவே போய், பெட்டிக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்காருங்கள். பெட்டிக்காரரின் காலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வணக்கம்.