நாரிக்குக் கம்பி போட முன்னம்

வணக்கம். உரும்பிராய்ப் பக்கம் வருடக்கணக்காகக் குனிந்து வெங்காயம் நட்ட ஐயாமாரும் அம்மாமாரும் நாரி, அதாவது கீழ்முதுகு, நோவோடு வந்து என்னிடம் முதலில் கேட்பது, "டொக்டர், கம்பி போட வேணுமோ?" என்றுதான்.

நான் திருப்பிக் கேட்பேன்: நோ நாரியிலா, காலிலா? நடக்க நடக்கக் கால் உளைந்து விறைத்து, எங்காவது குந்தினால், அல்லது சைக்கிள் ஹாண்டிலில் சாய்ந்து நின்றால் விட்டுவிடுகிறதென்றால், அநேகமாக முள்ளந்தண்டுக்குள் நரம்பு போகும் வழி ஒடுங்கியிருக்கிறது. அதை அகலமாக்குவதுதான் முக்கிய வேலை. கம்பியும் இஸ்குறூவும் எலும்பை அசையாமல் பிடிக்கத்தான்.

பிடிப்பதிலும் பல வழி உண்டு. இடுப்பெலும்பில் எடுத்த துகளை முள்ளெலும்பின் இரு பக்கமும் வைத்து ஒட்ட விடுவது பழைய முறை. அதோடு இஸ்குறூவும் பூட்டுவது அடுத்தது. இரண்டு முள்ளெலும்புக்கும் இடையில் மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தாங்க ஒரு சின்னக் கூடு வைப்பது இன்னொன்று.

1997இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு என் மனதை விட்டுப் போவதில்லை. எலும்பு நழுவி நரம்பும் நெரிபட்ட 68 பேர். இஸ்குறூ பூட்டியவர்களில் 82 வீதமானோருக்கு எலும்பு ஒட்டியது, பூட்டாதவர்களில் 45 வீதம்தான். ஆனால் 2 வருடம் கழித்து ஆட்களைப் பார்த்தால், நல்ல சுகம் கண்டவர்கள் பூட்டியவர்களில் 76 வீதம், பூட்டாதவர்களில் 85 வீதம்! எக்ஸ்ரேயில் தெரிந்த வெற்றி ஆளின் நடையில் தெரியவில்லை. பிறகு நெடுங்காலம் கவனித்தபோது எலும்பு ஒட்டியவர்களே நன்றாக இருந்தார்கள், அதையும் மறைக்கக் கூடாது. 2021இல் நோர்வேயில் 267 பேரை வைத்துச் செய்த ஆய்விலோ, வழியை அகலமாக்கியது மட்டுமே போதுமாக இருந்தது. கம்பி போட்டவர்களும் போடாதவர்களும் ஏறத்தாழ ஒரேயளவு தேறினார்கள்.

அப்போ கம்பி வேண்டவே வேண்டாமா? அப்படியில்லை. குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக அசைகிறது, அல்லது நரம்பை விடுவிக்க நிறைய எலும்பை வெட்ட வேண்டும் என்றால் நானும் பூட்டச் சொல்வேன். எலும்பு தேய்ந்த வயதான அம்மாமாருக்கு இஸ்குறூ இளகிவிடலாம், சுருட்டுப் பிடிப்பவருக்கு எலும்பு ஒட்டுவது கடினம். இவற்றை முதலே கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை.

ஒன்று மட்டும் பொறுக்காது. இரண்டு காலும் பலமிழந்து, குந்தும்போது கீழே படும் இடம் மரத்து, சலம் போக முடியாமலோ தன்னறியாமல் போகவோ தொடங்கினால், எண்ணெய் பூசிக்கொண்டு விடியும்வரை இருக்காதீர்கள். அந்த இரவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.