எண்ணிப் போட்ட கட்டங்கள்

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடியிருக்கிறீர்களா? 1990-ல் விண்டோஸ் 3.0-உடன் சாலிட்டேர் என்று ஒரு விளையாட்டு வந்தது. அந்தச் சீட்டுக்கட்டை வரைந்தவர் சூசன் கேர் என்ற அமெரிக்கப் பெண். நான் நாகர்கோவிலில் கல்யாண அழைப்பிதழும் கடைப் பலகையும் வடிவமைத்துப் பிழைக்கிறேன் என்றால் அதற்கு அவர்தான் காரணம். அவருக்கு முன்னால் என் அம்மா.

அம்மா எம்பிராய்டரி செய்து எங்களைப் படிக்க வைத்தவர். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஊசி வேலைக்கு வயது அதிகம். 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் இங்குள்ள பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த வேலை திண்ணை திண்ணையாகப் பரவியது. எங்கள் வீட்டுத் திண்ணையில் கிராஸ் ஸ்டிச். ஒரு கிராஃப் நோட்டில் கட்டம் கட்டமாகக் கிளி இருக்கும். ஒரு கட்டத்துக்கு ஒரு தையல். துணியின் இழையை எண்ணி எண்ணித்தான் குத்த வேண்டும். ஒருநாள் அம்மா அடுப்படிக்குப் போன நேரத்தில் கிளியின் மூக்கை நான் குத்தினேன். ஒரேயொரு கட்டம் கீழே இறங்கிவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் கிளி காக்கையாகியிருந்தது! அம்மா திட்டவில்லை. நூலைப் பிரித்துக்கொண்டே, "மக்ளே, எண்ணாம குத்தாத" என்று மட்டும் சொன்னார்.

அப்புறம் கல்லூரி முடித்து மார்த்தாண்டத்தில் டிடிபி, அதாவது கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைக்கும் வேலை, படித்தேன். அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டர் பத்திரிகையில் ஒரு படம் கண்ணில் பட்டது. கட்டத் தாளில் கறுப்பு கறுப்பாக அடைத்த ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், அதன் முகத்தில் சிரிப்பு. இது அம்மாவின் நோட்டு அல்லவா என்று தோன்றியது. வரைந்தவர் சூசன் கேர்.

அதன்பிறகு சூசன் கேரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். 1982-ல் அவர் ஒரு அருங்காட்சியகத்துக்காக நிஜ அளவில் ஒரு பன்றிச் சிலையை வெல்டிங் செய்துகொண்டிருந்தார். அப்போது பள்ளிக்கூடத் தோழர் ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்டிடமிருந்து போன். ஆப்பிள் கம்பெனி மேக்கின்டாஷ் என்று ஒரு கம்ப்யூட்டர் செய்கிறது, அதற்குப் படங்கள் வேண்டும் என்றார். சூசன் கடைக்குப் போய்க் கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கினார். ஒரு படத்துக்குக் குறுக்கே 32, நெடுக்கே 32, மொத்தம் 1024 கட்டம். ஒவ்வொன்றும் கறுப்பு அல்லது வெள்ளை, இடையில் சாம்பல் நிறம்கூடக் கிடையாது. அதற்குள்தான் குப்பைத்தொட்டி, கைக்கடிகாரம், பெயின்ட் வாளி எல்லாம். 1984 ஜனவரியில் அந்தக் கம்ப்யூட்டர் வெளிவந்தது. இழை எண்ணித் தைக்கும் வேலையைச் சின்ன வயதில் சூசனுக்குக் கற்றுக்கொடுத்தது அவருடைய அம்மா. அதைப் படித்த அன்று நான் நேராக வீட்டுக்குப் போய் அந்தக் கிராஃப் நோட்டைத் தேடி எடுத்தேன்.

நான் எங்கே போனாலும் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு, இங்கேயும் சொல்கிறேன். கட்டம் குறைவாக இருந்தால்தான் எதை விடுவது என்று யோசிப்போம். குளச்சலில் ஒரு வலைக்கடைக்காரர் பலகை கேட்டு வந்தார். வள்ளம், வலை, மீன், கலங்கரை விளக்கம், விவேகானந்தர் பாறை, எல்லாம் வேண்டும் என்றார். அண்ணாச்சி, ஓடுகிற பஸ்ஸில் இருப்பவர் உங்கள் பலகையைப் பார்ப்பது இரண்டு நொடிதான் என்றேன். பிறகு 32-க்கு 32 கட்டம் போட்டு உட்கார்ந்தேன். பாறை போனது. கலங்கரை விளக்கம் போனது. வள்ளமும் போனது. ஒரு மீன் மட்டும் மிச்சம். செதில் இருக்க வேண்டிய இடத்தில் வலைக் கண்ணிகள். அவர் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டே கொண்டுவந்து பார்த்தார். கடைசியில், "கொள்ளாம்" என்றார். என் தொழிலில் நான் வாங்கிய பெரிய பரிசு அந்த ஒரு சொல்.

திண்ணையில் உட்கார்ந்து எண்ணித் தைக்கிற அக்காமார் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் செய்வதும் வடிவமைப்புதான். அவர்கள் பிள்ளைகள் இந்தப் படிப்புக்கு வர வேண்டும் என்பது என் ஆசை.

தமிழ் எழுத்தைப் பற்றி விரிவாகப் பேச நினைத்து வந்தேன், நேரம் முடியப்போகிறது என்று கை காட்டுகிறார்கள். சரி, ஒன்று மட்டும். ரெண்டு சுழி 'ன', மூணு சுழி 'ண' இரண்டையும் சின்னக் கட்டங்களுக்குள் வரைந்து பாருங்கள். ஒவ்வொரு சுழிக்குள்ளும் குறைந்தது ஒரு கட்டமாவது வெள்ளையாக இருக்க வேண்டும். அது அடைத்துப்போனால் சுழி எத்தனை என்றே தெரியாது, கன்னிக்கும் கண்ணிக்கும் வித்தியாசம் இருக்காது. நம் மாவட்டத்தின் பெயரை வைத்தே தொடங்குங்கள். ஒரு கிராஃப் தாளும் பென்சிலும் போதும். வணக்கம்.