அமெரிக்கா வளர்ந்ததா, தேய்ந்ததா? சங்க ஆண்டு விழாவில் பேசியது

மேடையில் நேரம் போதாமல் அவசரமாகப் பேசியதை முழுதாக எழுதித் தாருங்கள் என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். கட்டுரையாக மாற்றவில்லை, பேசிய மாதிரியே விட்டிருக்கிறேன்.

விழாத் தலைவர் அவர்களே, ஒஹாயோவில் தமிழ்க் குரல் கேட்பதே அபூர்வமாக இருந்த காலத்தில் தன் வீட்டு அடித்தளத்தில் இந்தச் சங்கத்தை ஆரம்பித்த நம் டாக்டர் ஐயா அவர்களே, சனிக்கிழமை தவறாமல் பிள்ளைகளுக்கு அகரம் சொல்லித்தரும் தமிழ்ப் பள்ளி ஆசிரியைகளே, அனைவருக்கும் வணக்கம். நம் அழைப்பை ஏற்று வந்திருக்கும் கவுண்டி கமிஷனர் அம்மையாருக்குத் தனி வணக்கம். தமிழ் தெரியாது, இருந்தாலும் முதல் பாட்டிலிருந்து எழுந்திருக்காமல் உட்கார்ந்து, பறை அடித்தபோது கூடவே கை தட்டினார். பக்கத்தில் இருந்து மெதுவாக மொழிபெயர்த்துச் சொல்லும் கல்லூரிப் பெண்ணுக்கும் நன்றி. பின்னால் சமையலறையில் இருநூறு பேருக்குச் சாம்பார் கிளறிக்கொண்டு இந்தப் பேச்சைக் கேட்க முடியாமல் இருக்கும் அண்ணன்மார்களையும் அக்காமார்களையும் வணங்கிவிட்டு ஆரம்பிக்கிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, இந்த அமெரிக்கச் சமூகம் இரண்டு மூன்று தலைமுறைகளில் மேலே போயிருக்கிறதா, கீழே இறங்கியிருக்கிறதா என்பது. உரிமை, வருமானம், குடும்பம், நட்பு என்று நான்கு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம் என்று நினைத்திருக்கிறேன். கடைசியில் நவம்பர் தேர்தலில் நம் வாக்குக்கு வரும் நூலக வரியில் வந்து நிற்பேன்.

உரிமையில் மேலே போயிருக்கிறது. சந்தேகமே வேண்டாம். 1923இல் பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபிக்காரர், முதல் உலகப் போரில் இதே நாட்டின் ராணுவச் சீருடை போட்டவர், குடியுரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். நீ வெள்ளையன் இல்லை, கிடையாது என்று தீர்ப்பு. 1946இல் இந்தியர் இங்கே குடியேறவும் குடியுரிமை வாங்கவும் ஒரு சட்டம் வந்தது, அதிலும் இந்தியாவுக்கு வருஷத்துக்கு 100 இடம்தான். 1965 அக்டோபர் 3ஆம் தேதி ஜனாதிபதி ஜான்சன் சுதந்திர தேவி சிலையின் காலடியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட குடியேற்றச் சட்டம் இல்லையென்றால் நம் டாக்டர் ஐயா இங்கே வந்திருக்க முடியாது, இந்த மண்டபத்தில் பாதிப் பேர் இருக்க முடியாது. அந்தச் சட்டம் ஆகாயத்திலிருந்து விழவில்லை. 1964 குடிமை உரிமைகள் சட்டம், 1965 வாக்குரிமைச் சட்டம் என்று கறுப்பின மக்கள் அடி வாங்கி, சிறை போய், உயிர் கொடுத்துத் திறந்த கதவு அது. அதே கதவு வழியாகத்தான் நாமும் நுழைந்தோம். இதை வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நம் ஆட்கள் சிலர் கறுப்பின மக்களைப் பற்றிப் பேசுகிற பேச்சு எனக்கு வருத்தமாக இருக்கிறது, அதை இந்த மேடையிலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்னும் இருக்கிறது. வெள்ளையரும் கறுப்பரும் கல்யாணம் செய்துகொள்வது சரியா என்று 1958இல் கேலப் கருத்துக்கணிப்பில் கேட்டபோது சரி என்றவர்கள் 100க்கு 4 பேர். 2021இல் 94 பேர். 1974க்கு முன்னால் புருஷன் கையெழுத்து இல்லாமல் ஒரு பெண்ணுக்குக் கடன் தர முடியாது என்று வங்கி சொல்லலாம், கேட்க நாதி இல்லை. 1965இல் பெரியவர்களில் 100க்கு 42 பேர் சிகரெட் பிடித்தார்கள், இப்போது 12 பேர்கூடத் தேறுவது சந்தேகம். நம் மாநிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கிளீவ்லாந்தில் ஓடும் கயஹோகா ஆறு 1969 ஜூனில் தீப்பிடித்து எரிந்தது. ஆறு எரிந்தது! எண்ணெயும் குப்பையும் அவ்வளவு மிதந்தன. அந்த ஆற்று மீனைச் சாப்பிடலாம் என்று 2019இல் அறிவித்தார்கள். பழைய காலம் பொற்காலம் என்று யாராவது சொன்னால் இந்த ஆற்றைக் காட்டுங்கள்.

எங்கள் ஊரில், ஏன், எல்லோர் ஊரிலும் ஒரு பழமொழி உண்டு. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது நான் எங்கே போனாலும் சொல்கிற பழமொழி என்று தெரியும். இன்றைக்கும் சொல்லத்தான் போகிறேன், ஏனென்றால் வருமானக் கதை அங்கேதான் வந்து நிற்கிறது.

ராஜ் செட்டி என்ற பொருளாதார அறிஞரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஹார்வர்ட் பேராசிரியர், பெற்றோர் தமிழ்நாட்டுக்காரர்கள். அவரும் அவர் குழுவும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 1940இல் இந்த நாட்டில் பிறந்தவர்களில் 100க்கு 90 பேர் வளர்ந்தபின் தன் பெற்றோரைவிட அதிகம் சம்பாதித்தார்கள். 1980களில் பிறந்தவர்களில் பாதிப் பேர்தான். ஒரே நாடு, நாற்பது வருஷ இடைவெளி. இதைப் புத்தகத்தில் தேட வேண்டாம், காரில் வடகிழக்கே போனால் யங்ஸ்டவுன். 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை, எஃகு ஆலையை மூடுகிறோம் என்று அறிவித்தார்கள், ஒரே வீச்சில் ஏறத்தாழ 5,000 வேலை போனது. அந்த ஊரில் இன்றும் அதைக் கறுப்புத் திங்கள் என்றுதான் சொல்கிறார்கள். அப்புறம் வந்த வலி மாத்திரை, போதை மருந்துக் கொடுமை உங்களுக்குத் தெரியும். 2021இலிருந்து 2023 வரை ஒவ்வொரு வருஷமும் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கு மேல் சாவு. 2024இல் நன்றாகக் குறைந்திருக்கிறது, அது பெரிய ஆறுதல். சராசரி ஆயுள் 2014இல் 78.9 வருஷம், 2021இல் 76.4. கொரோனா ஒரு காரணம்தான், ஆனால் கொரோனா வருவதற்கு முன்பே சரிய ஆரம்பித்துவிட்டது. பணக்கார நாட்டில் ஆயுள் குறைவதா? மனசுக்குப் பொறுக்கவில்லை.

ஆக, உரிமை ஏறியது, வாழ்க்கை சறுக்கியது. இரண்டும் ஒரே காலத்தில் எப்படி நடந்தது? ஆலை வெளிநாட்டுக்குப் போனது, தொழிற்சங்கம் தேய்ந்தது, மருத்துவச் செலவு என்று காரணம் நிறைய உண்டு. யாரும் அதிகம் பேசாத ஒன்றை நான் பேசுகிறேன். பொது இடம்.

அலபாமா மாநிலத்தில் மான்ட்கமரி என்று ஒரு நகரம். நகரப் பூங்காக்களில் கறுப்பின மக்களையும் விட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. நகரம் என்ன செய்தது தெரியுமா? 1959 ஜனவரி 1ஆம் தேதி எல்லாப் பூங்காக்களையும் மூடிவிட்டது. மிருகக்காட்சிசாலையையும் சேர்த்து. ஓக் பார்க் நீச்சல் குளத்தை மண் கொட்டி மூடினார்கள். அவன் குளிப்பான் என்றால் எனக்கும் குளம் வேண்டாம்! அதே வருஷம் வர்ஜீனியாவில் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி, பள்ளிக்கூடங்களையே மூடி ஐந்து வருஷம் பூட்டி வைத்தது. நமக்கு இது புரியாத கதையா? சிவகங்கைப் பக்கம் கண்டதேவியில் வடம் பிடிக்கும் உரிமையை எல்லோருக்கும் கொடுப்பதா என்ற தகராறில் தேரே பல வருஷம் ஓடாமல் நின்றது, 2024இல்தான் போலீஸ் காவலோடு ஓடியது. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்று சொன்ன அதே ஊர்தான். எல்லோருக்கும் வடம் கிடைத்த நேரத்தில் சிலர் கையை விட்டுவிட்டுப் போனார்கள், அங்கேயும் இங்கேயும்.

இந்த இடத்தில் ஒரு கதை சொல்லியே ஆக வேண்டும். நேரம் ஆகிறது என்று செயலாளர் கையைக் காட்டுகிறார், மன்னிக்க வேண்டும் தம்பி, இதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

தென் கரோலினாவில் லேக் சிட்டி என்ற சின்ன ஊர், புகையிலை விளைகிற ஊர். 1959ஆம் வருஷம். ரொனால்ட் மெக்நேர் என்று ஒரு பையன், ஒன்பது வயது என்று அவர் அண்ணன் கார்ல் சொல்லியிருக்கிறார். அப்பா கார் மெக்கானிக், அம்மா டீச்சர். பையன் தனியாக நடந்து ஊர் நூலகத்துக்குப் போகிறான். உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் வெள்ளையர், எல்லோரும் இவனையே பார்க்கிறார்கள். அவன் பாட்டுக்கு அலமாரியில் தேடி அறிவியல் புத்தகங்களை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நிற்கிறான். மேசையில் இருந்த அம்மாள், கறுப்பர்களுக்குப் புத்தகம் கொடுப்பதில்லை என்கிறார். அவன் அழவில்லை, ஓடவில்லை. சரி, காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு அந்த மேசை மேலேயே ஏறிக் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துவிட்டான்! போலீஸைக் கூப்பிடுவேன் என்கிறார் அந்த அம்மாள். காத்திருக்கிறேன் என்கிறான் மறுபடியும். போலீஸுக்கும் போன் போகிறது, அவன் அம்மாவுக்கும் போன் போகிறது. வாட்டசாட்டமான இரண்டு போலீஸ்காரர்கள் வந்து எங்கே கலாட்டா என்று சுற்றும் முற்றும் பார்த்தால், மேசை மேல் ஒரு பொடியன் உட்கார்ந்திருக்கிறான். பையனின் அம்மா, பாவம், வழியெல்லாம் கடவுளை வேண்டிக்கொண்டு ஓடி வருகிறார், ஏனென்றால் அந்தக் காலத்தில் அந்த ஊரில் போலீஸும் கறுப்பினப் பையனும் என்றால் எதுவும் நடக்கலாம். கடைசியில் போலீஸ்காரரே, பையனுக்குப் புத்தகத்தைக் கொடுத்துவிடுங்களேன் என்று சொல்லிவிட்டார். புத்தகத்தை அவன் பத்திரமாகப் பார்த்துக்கொள்வான் என்றார் அம்மா. கொடுத்தார்கள். உடனே அம்மா பையனைப் பார்த்து, என்ன சொல்ல வேண்டும் என்று கேட்க, அவன் அந்த அம்மாளுக்கு நன்றி சொன்னான்.

அந்தப் பையன் எம்.ஐ.டி.யில் லேசர் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1984இல் விண்வெளிக்குப் போனார், சாக்சபோனையும் எடுத்துக்கொண்டு போனார். 1986 ஜனவரி 28ஆம் தேதி சேலஞ்சர் விண்கலம் வெடித்ததே, அதில் இறந்த ஏழு பேரில் அவர் ஒருவர். புத்தகம் தர மாட்டேன் என்ற அதே நூலகக் கட்டடம் இன்று அவர் பெயரில் அருங்காட்சியகமாக இருக்கிறது. (இங்கே கைதட்டல் அடங்கச் சிறிது நேரம் ஆயிற்று. கமிஷனர் அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.)

வளர்ந்ததா தேய்ந்ததா என்று கேட்டால் இந்தக் கட்டடத்தில் இரண்டும் தெரிகிறது. கதவு திறந்தது, அது வளர்ச்சி. ஆனால் ஒன்றை யோசியுங்கள். அன்றைக்கு அந்தச் சின்ன ஊரில் பூட்டிய கதவுக்குப் பின்னாலாவது ஒரு நூலகம் இருந்தது, ஊர் வரிப்பணத்தில் அலமாரி நிறையப் புத்தகம் இருந்தது. இன்று கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது, விளக்குக்கும் ஆளுக்கும் பணம் கொடுக்க மாட்டேன் என்கிறோம்.

ராஜ் செட்டி குழு 2022இல் இன்னொரு ஆராய்ச்சி வெளியிட்டது. ஏழைக் குழந்தை முன்னேறுவதற்கும், அந்த ஊரில் ஏழைக்கும் வசதியானவருக்கும் நட்பு எவ்வளவு இருக்கிறது என்பதற்கும் மிக நெருங்கிய தொடர்பு இருக்கிறதாம். அந்த நட்பு எங்கே வளரும்? நாம் நாலு படுக்கையறை வீட்டில், நல்ல பள்ளி மாவட்டம் பார்த்து வாங்கிக் குடியேறுகிறோம். அவர்கள் வேறு பக்கம் இருக்கிறார்கள். சந்திக்க ஓர் இடம் வேண்டாமா?

செவ்வாய்க்கிழமை மாலை நம் கிளை நூலகத்துக்கு வந்து பாருங்கள். கணினி மேசையில் வேலை போன ஒருவர் ஒரு விரலால் விண்ணப்பம் தட்டிக்கொண்டிருப்பார். பக்கத்து மேசையில் சோமாலிப் பெண் ஒருத்தி கணக்குப் போடுவாள். நம் ஊரிலிருந்து பேரனைப் பார்க்க வந்த பாட்டிகள் பெரிய எழுத்துப் புத்தகங்கள் பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். குழந்தைகள் பகுதியில் ஒரு பெரிய மஞ்சள் நாய் படுத்திருக்கும், படிக்கத் திணறும் பிள்ளைகள் அதற்குக் கதை வாசித்துக் காட்டுவார்கள். நாய் தப்புக் கண்டுபிடிக்காது, அதனால் பிள்ளைகள் பயமில்லாமல் வாசிப்பார்கள். காப்பி வாங்கினால்தான் உட்காரலாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த நாட்டில் இப்படி இன்னும் எத்தனை இடம் பாக்கி இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

நவம்பர் தேர்தலில் நம் வாக்குக்கு வரும் நூலக வரிக்காகத்தான் இவ்வளவும் பேசுகிறேன். இது புது வரி இல்லை, பழையதைப் புதுப்பிப்பது. தோற்றால் கிளைகளின் நேரம் குறையும், ஞாயிற்றுக்கிழமை மூடுவார்கள், முதலில் அடிபடுவது மாலை வகுப்புகள். பிள்ளைகள் படித்து முடித்துவிட்டார்கள், எனக்கு எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டார். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் ஐயா, என் பிள்ளை தேர் பார்த்துவிட்டான் என்று வடத்தை விடுவதா? 2009இல் நம் மாநிலத்தில் நூலக நிதியில் பெரிய வெட்டு வரப்போகிறது என்று தெரிந்ததும் மக்கள் போன் மேல் போன் போட்டு, கடிதம் எழுதி, அந்த வெட்டைக் குறைக்க வைத்தார்கள். சத்தம் போட்டால் நடக்கும்.

குடும்பத்தைப் பற்றியும் முதியோர் தனிமையைப் பற்றியும் பேசுவதாக இருந்தேன், செயலாளர் எழுந்தே நின்றுவிட்டார், அதை இன்னொரு மேடையில் வைத்துக்கொள்வோம்.

சாப்பாட்டு வரிசைக்கு இடது பக்கம் ஒரு மேசை போட்டிருக்கிறோம். குடியுரிமை பெற்றவர்கள், பதினெட்டு ஆன பிள்ளைகள், வாக்காளர் பதிவு இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம், வீடு மாறியிருந்தால் முகவரியையும் மாற்றிக்கொள்ளலாம். தேர்தலுக்கு 30 நாள் முன்னால் பதிவு முடிந்துவிடும், அக்டோபர் முதல் வாரத்தைத் தாண்டினால் வாய்ப்பு இல்லை. கிரீன் கார்டு, எச்1பி விசாவில் இருப்பவர்கள் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடவே கூடாது, சட்டச் சிக்கல் வரும். ஆனால் நூலக வாரியக் கூட்டம் எல்லோருக்கும் திறந்தது, வந்து உட்காரலாம், அனுமதி கேட்டு இரண்டு வார்த்தை பேசலாம். நூலக வரியை ஆதரித்து வீட்டு வாசலில் நடும் பலகைகள் என் காரின் பின்னால் இருக்கின்றன, போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.