தெப்பத்துக்குத் தண்ணீர் வேண்டும்

விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் திருக்கோயில் பெரியவர்களே, தலைமுறை தலைமுறையாக மண்டகப்படி நடத்தும் குடும்பத்தாரே, மாலை போட்டு வரவேற்ற இளைஞர் மன்றத் தம்பிகளே, கைக்குழந்தையோடு வந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

மதுரைத் திருவிழாக்களைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன்: வீதி, வயல், வைகை.

ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வீதிகளுக்கே திருவிழா மாதங்களின் பெயரை வைத்த ஊர் இது. சரி, வீதி ஆயிற்று; வயலுக்குப் பிறகு வருகிறேன், முதலில் வைகைக்கு வருவோம். 'ஆறில்லா ஊருக்கு அழகு பாழ்' என்றாள் ஔவை.

ஆவணி மூலத்தில் புட்டுத்தோப்பில் பிட்டுத் திருவிழாவாக நடித்துக் காட்டும் கதை என்ன? வைகை கரையை உடைத்துவிட்டது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் பறை அறைவிக்கிறான். பிட்டு விற்கும் வந்திக் கிழவிக்கு ஆள் ஏது? "நான் வருகிறேன் பாட்டி, கூலியாக உதிர்ந்த பிட்டைக் கொடு" என்று மண்வெட்டியும் கூடையுமாக வந்து நிற்கிறார் சொக்கநாதர். அன்றைக்குப் பார்த்து அவித்த பிட்டெல்லாம் உதிர்ந்து போகிறது! தின்றார், ஆடினார், பாடினார், மரத்தடியில் தூங்கினார். வந்தியின் பங்கு மட்டும் அடைபடவில்லை. பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அவன் முதுகிலும் விழுந்தது, நம் எல்லோர் முதுகிலும் விழுந்தது. அப்புறம் ஒரே ஒரு கூடை மண், கரை அடைபட்டது.

அம்மா, கரை வேலையில் கிழவிக்கும் விலக்கில்லை, கடவுளுக்கும் விலக்கில்லை. ஊரார் கூடிக் கரையையும் கால்வாயையும் செப்பனிடும் குடிமராமத்து என்பது அதுதான்.

இனி வயல். தை மாதம் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் சிந்தாமணிக்குக் கதிரறுப்புக்கு எழுந்தருள்கிறார்கள். அடுத்து, தைப்பூசத்தன்று வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தெப்பம். 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வெட்டிய குளம். மீனாட்சி கோயிலில் இருக்கும் முக்குறுணிப் பிள்ளையார் இங்கே தோண்டும்போது கிடைத்தவர் என்பார்கள். வைகைத் தண்ணீர் பனையூர்க் கால்வாய் வழியே வந்தால்தான் தெப்பம் மிதக்கும், கரையில் நிற்பவர்கள் வடம் பிடிக்க முடியும். தண்ணீர் இல்லாத ஆண்டுகளில் நிலைத்தெப்பம்தான். அம்மன் வந்திருக்கிறாள், தெப்பம் அசையவில்லை! 'ஆறில்லா ஊருக்கு அழகு பாழ்' என்று நான் மேடைக்கு மேடை சொல்வது இதனால்தான்.

கால்வாயில் குப்பை கொட்டாதீர்கள். ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி மனு எழுதியிருக்கிறோம், மேடைக்கு இடப்பக்கம் மேசையில் இருக்கிறது, கையெழுத்துப் போடாமல் போகாதீர்கள். வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கால்வாய்க் கரையில் வேலை. வீட்டுக்கு ஒருவர், மண்வெட்டியோடு வாருங்கள்.